மேல் இடது மூலை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கனகசுந்தரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வாராவாரம் ரத்தப் பரிசோதனை தொடங்கி அது இரண்டாவது திங்கட்கிழமை. முதல் திங்களன்று திரையில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. ஒற்றைப் புள்ளிக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மூக்குத்தி மாதிரி தன் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருக்கும். இரண்டாவது புள்ளி வந்தால் கோடு. கோடு வந்தால் கவலை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சீட்டில் அவர் மனைவி ஞானாம்பிகையின் ரத்த அளவு இருந்தது. போன வாரத்தைவிடக் குறைவு. டாக்டர் ஷரீஃபா அதைச் சொல்லும்போது கனகசுந்தரத்தின் முகத்தைப் பார்க்காமல், மேசையில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். இரண்டிலும் உதவி ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

இந்தக் கோடு போடும் ஏற்பாடு மகன் நாகநாதனுடையது. டொராண்டோவில் கம்ப்யூட்டர் வேலை. போன வருஷம் வந்திருந்தபோது பினாங்கில் ஜெலுத்தோங் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும், தண்ணீர் இல்லாத குழாய் மாதிரி கிர்ரென்று கத்துகிற ஒரு மோடத்தையும் வைத்துவிட்டு, குடும்பத்துக்கென்று இணையத்தில் ஒரு பக்கமும் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். ஞானாம்பிகைக்கு உடம்பு முடியாமல் போனதும் ஃபோனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "அப்பா, நீங்க வாயால சொல்ல வேணாம். ஒவ்வொரு திங்களும் டெஸ்ட் எடுக்கிறாங்கல்ல, அதை ஒரு கோடா வரைஞ்சு போடுங்க. நான் இங்க ஆபீஸ்லேர்ந்து பாத்துக்கிறேன்."

வாயால சொல்ல வேண்டாம் என்றதில் நியாயம் உண்டு. கனகசுந்தரத்தின் வாய் அப்படிப்பட்டது. எதிர்க்கரையில் இருக்கிற பிறை ஊருக்குப் போகிற ஃபெர்ரி ஒருநாள் மூடுபனியில் வழிதவறி கடல் தாண்டி சுமத்ராவில் மேடானில் போய் ஒதுங்கியதென்றும், பயணிகள் எல்லோரும் அங்கே இறங்கி ஆளுக்கு ஒரு தட்டு மீ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்ததாகவும், ஆபீஸில் அதற்கு அரை நாள் லீவு பிடித்துக்கொண்டார்கள் என்றும் முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொல்வார். அரை நாள் பிடித்தது அநியாயம் என்று கேட்கிறவனே கோபப்படும்படி சொல்வார். பினாங்குக் கொடிமலையில் ஞானாம்பிகை நடந்தே ஏறி ரயிலை முந்திவிட்டாள் என்பார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "செருப்பு இல்லாம" என்று எடுத்துக் கொடுப்பாள்.

ஆனால் கோடு வரைவதில் அவர் பொய்யர் அல்ல. மாக் மண்டினில் ஒரு தகர டப்பா ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவர். மாதாமாதம் எத்தனை டப்பா செய்தார்கள் என்பதைக் கட்டம் போட்ட தாளில் மை தொட்டுக் கோடாக இழுத்து மேனேஜர் அறையில் மாட்டுவது அவர் வேலை. அதைப் பற்றியும் ஒரு கதை வைத்திருந்தார். ஒரு மந்தமான வருஷம், கோடு மாடிப்படியிலிருந்து உருண்டவன் மாதிரி விழுந்துகொண்டே போனதாம். தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் இவர் தாளைத் தலைகீழாக மாட்டினாராம். வந்தவர்கள் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் போனஸும் ஆளுக்கொரு குடையும் கொடுத்துவிட்டுப் போனார்களாம். நாகநாதன் சின்ன வயதில் அந்தக் குடையைக் காட்டச் சொல்லி அழுதிருக்கிறான்.

அந்த இணையப் பக்கத்தில் எண் எதுவும் போடக்கூடாது என்று ஞானாம்பிகை ஒரே பிடியாய் நின்றாள். "என் ரத்தத்தோட நம்பரை ஊரு உலகம் பாக்கணுமா? பாத்துட்டு நாலு நம்பர் லாட்டரிக் கடையில போயி நிக்கவா? எதிர்வீட்டு ஆறுமுகம் கெரேத்தா மோதினப்ப, ஆளுக்கு என்னாச்சுன்னு ஒருத்தனும் கேக்கல. காரு பிளேட் நம்பரைத்தான் கேட்டானுங்க." அவள் சொன்னது பொய்யில்லை. ஜெலுத்தோங்கில் எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதற்குப் பந்தயம் கட்டாமல் போகிறவர்கள் குறைவு. ஆகவே எண் இல்லை, பெயர் இல்லை. ஒரு பெட்டி, அதற்குள் படுக்கைக் கோடு ஒன்று, நிற்கிற கோடு ஒன்று, நடுவில் அவள். அவ்வளவுதான் படம்.

இந்தப் பக்கத்தில் பேனாவுக்கு வேலை கிடையாது. கோடு என்று எழுதி, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு என்று இரண்டு இடங்களைச் சொன்னால் போதும். வட்டம் என்றால் நடுவிடமும் அகலமும். கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொள்ளும். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்பதுதான் விலாசம். கனகசுந்தரம் சீட்டை ஒருமுறை பார்த்து, நெடுக்கே என்ற இடத்தில் இன்றைய அளவைத் தட்டினார். கோடு விழப்போகிறது என்று தெரியும். விழுவதைப் பார்க்கத் தன்னைத் தயார் செய்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மூச்சை இழுத்துக்கொண்டார். பக்கத்தைத் திறந்தார்.

கோடு ஏறியிருந்தது.

அவர் சீட்டை மறுபடி பார்த்தார். குறைந்த எண்தான். திரையைப் பார்த்தார். நீலக் கோடு இடமிருந்து வலமாக, காலையில் சந்தைக்குக் கிளம்புகிறவள் மாதிரி சுறுசுறுப்பாக மேலே போயிருந்தது. அப்போதுதான் மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. "அப்பா, தாள்ல பூஜ்யம் கீழ இடது மூலையில இருக்கும். கம்ப்யூட்டர்ல அப்படி இல்ல. மேல இடது மூலையிலேர்ந்து எண்ணணும். நம்பர் கூடினா கீழ இறங்கும், குறைஞ்சா மேல ஏறும். மறந்துடாதீங்க, மொத்த உயரத்திலேர்ந்து கழிச்சுட்டுப் போடுங்க." மகன் இதைச் சொல்லும்போது இவர் மேடான் ஃபெர்ரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கழித்தல். கழிக்க மறந்ததில் உலகம் தலைகீழாக நின்றது.

விரலை விசைப்பலகையில் வைத்தார். பின்னாலிருந்து ஞானாம்பிகையின் குரல் வந்தது. எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ. ஏறுது போல?"

கணவனைக் கூப்பிடுகிற அந்த இஞ்சருங்கோ என்பது யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வீட்டில் மிச்சமிருந்த கடைசிச் சொற்களில் ஒன்று. அவள் அம்மா கப்பலில் கொண்டுவந்தது. மற்றதெல்லாம் பினாங்குத் தண்ணீரில் கரைந்துவிட்டது. கனகசுந்தரம் திரும்பி அவளைப் பார்த்தார். வெளிறிப்போன அந்த முகத்தில் பல நாளாகக் காணாத ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. மேடானையும் கொடிமலையையும் அசையாமல் சொன்ன வாய்க்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"ஆமா," என்றார்.

அன்று அவள் ஒரு கிண்ணம் கஞ்சி முழுக்கக் குடித்தாள். அடுத்த திங்களும் அதற்கடுத்த திங்களும் எண் இறங்கியது, கோடு ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் திரை முன்னால் உட்கார ஆரம்பித்தாள். "இந்த வாரம் கொஞ்சம் மெதுவா ஏறுது லா," என்று குறை சொல்வாள். அவர் தலையாட்டுவார்.

ஞாயிறு காலையில் நாகநாதன் வழக்கம்போல் அழைத்தான். கூடத்துச் சுவரில் மாட்டிய ஃபோன். ரிசீவரிலிருந்து வரும் குரல் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் கேட்கும். ஞானாம்பிகை எப்போதும் அந்த நாற்காலியில்தான்.

"அப்பா! பாத்தேன். சூப்பர்ப்பா. ஆகஸ்ட்ல வரலாம்னு டிக்கெட் பாத்துவச்சிருந்தேன். இப்ப அம்மா நல்லா இருக்கிறதால டிசம்பர்ல வர்றேன். அப்பன்னா ஒரு மாசம் தங்கலாம். அம்மா, கேக்குதா? டிசம்பர்!"

"கேக்குது, ராசா," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

டாக்டர் ஷரீஃபா பார்த்த நாள்காட்டியில் டிசம்பர் இருந்ததா என்று கனகசுந்தரம் நினைத்துப் பார்த்தார். இருந்திருக்கும். எல்லா நாள்காட்டியிலும் இருக்கிறது. அதுவரைக்கும் போகாமல்தான் டாக்டர் கண்ணை ஜன்னலுக்குத் திருப்பியிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு, மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போனார். அங்கே அவருடைய நண்பர் அப்துல் ரசாக் காசு மாற்றும் கடை வைத்திருந்தார். உலகத்து ராஜாக்களின் முகங்களையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கிவைத்துக்கொண்டு, நடுவில் அவரும் ஒரு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"வாங்கண்ணே. இன்னிக்கு என்ன, ஃபெர்ரி ஜப்பானுக்குப் போயிருச்சா?"

"ரசாக்கு, ஒரு ஃபோன் பண்ணணும். கனடாவுக்கு."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரசாக் மேற்கொண்டு கிண்டல் பண்ணவில்லை. ஃபோனை அவர் பக்கம் தள்ளிவைத்தார். மகன் எடுத்ததும் கனகசுந்தரம் ஒரே மூச்சில் சொன்னார். அம்மாவுக்கு இறங்கிக்கொண்டுதான் போகிறது, கோடு தலைகீழ், நான் கழிக்க மறந்துவிட்டேன், டிசம்பர் வேண்டாம், இப்போதே வா. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்பான சிரிப்பு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்பா, என்னைப் பாக்கணும்போல இருந்தா நேரா சொல்லுங்கப்பா. அம்மாவ எதுக்கு இழுக்கிறீங்க? நேத்து அம்மா குரலைக் கேட்டேன். எவ்ளோ தெம்பா பேசினாங்க. கிராஃபும் கண்ணு முன்னாடி இருக்கு."

ரசாக் ரிசீவரை வாங்கினார். "தம்பி, ரசாக் மாமா பேசுறேன். அப்பா சொல்றது நெசம்பா. என் உம்மா மேல சத்தியமா."

"மாமா, பாம்புக்கும் நீங்க அதே சத்தியம்தான் பண்ணீங்க."

ரசாக் ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினார். அது உண்மை. நாகநாதன் படிக்கப் போன புதிதில், ஃபெர்ரியில் ஒரு மலைப்பாம்பு டிக்கெட் வாங்காமல் ஏறியதென்றும், கண்டக்டர் அதற்கு இரண்டு வால் நீளத்துக்குக் கட்டணம் கேட்டாரென்றும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஃபோனில் சத்தியம் செய்திருந்தார்கள். பையன் அதை நம்பி, வெள்ளைக்கார நண்பர்களிடமெல்லாம் சொல்லி மானம் போனது.

"நம்ம வாயிக்கு நல்லா வேணும்ணே," என்றார் ரசாக், ரிசீவரை வைத்துவிட்டு. பிறகு அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். தாய்லாந்துக் காசு மாற்ற வந்த ஆள் இரண்டு கிழவர்களையும் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டான்.

வாய் தோற்றால் கை இருக்கிறது என்று கனகசுந்தரம் நினைத்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படம், இணையத்தில் ஒரு படம். வீட்டில் இருப்பது ஏறட்டும், அவள் கஞ்சி குடிக்கட்டும். டொராண்டோவில் தெரிவது இறங்கட்டும், அவன் விமானம் ஏறட்டும். ஞானாம்பிகை தூங்கிய ஒரு மத்தியானத்தில், புள்ளி ஒவ்வொன்றையும் மொத்த உயரத்திலிருந்து கழித்துச் சரியாகத் திருத்தி, மோடத்தின் கத்தல் வெளியே கேட்காமல் அதன் மேல் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டு அனுப்பினார். முதல்முறையாக உண்மையான படத்தைத் திரையில் பார்த்தார். அந்தச் சரிவை அவருடைய கைக்குத் தெரியும். மாக் மண்டினில் அந்த மந்தமான வருஷத்தில் அவர் இழுத்தது இதே மாதிரிக் கோடுதான். அன்றைக்கு அதைத் தலைகீழாக மாட்டியதாகச் சொன்னது கதை. மாட்டவில்லை, யாரும் குடையும் கொடுக்கவில்லை. ஆளைக் குறைத்தார்கள்.

ஞாயிறு காலை ஃபோன் வந்தது.

"அப்பா, பக்கத்தைப் பாத்தேன்." நாகநாதனின் குரலில் ஒரு குறும்பு இருந்தது. அப்பாவிடமிருந்து வந்த குறும்பு. "மாக் மண்டின் வேலையா? தலைகீழா மாட்டிட்டீங்க? நான் உங்க புள்ளப்பா. குடை தர மாட்டேன்."

பக்கத்து நாற்காலியில் ஞானாம்பிகை. கனகசுந்தரம் சுவரைப் பார்த்து நின்றார்.

"ம்," என்றார்.

"நானே சரி பண்ணிட்டேன். பாஸ்வேர்டு என்கிட்டயும் இருக்குல்ல? இப்ப மறுபடி ஏறுது. டிசம்பருக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. அம்மாகிட்ட குடுங்க."

அன்றிலிருந்து கனகசுந்தரம் பேசுவது குறைந்துபோனது. சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து வீட்டுப் பூனை கொடிமலை ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்த கதையைப் பாதியில் விட்டிருந்தார். அதை முடிக்கவில்லை. ரசாக்கின் மனைவி நூர் பீவி பாத்திரத்தில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, "இந்த ஆட்டுக்கு எத்தனை காலுண்ணே?" என்று அவர் வாயைக் கிண்டிப் பார்த்தாள். "நாலு," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். நூர் பீவி ஞானாம்பிகையைப் பார்த்தாள். ஞானாம்பிகை சூப்பைப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். அவள் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். இழுக்க முடியவில்லை, அவர்தான் இழுத்துக் கொடுத்தார். நீலக் கோடு பெட்டியின் மேல் ஓரத்தைத் தொடுகிற உயரத்துக்கு வந்திருந்தது. இன்றைய எண்ணைப் போட்டால் இன்னும் ஏறும்.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

அவள் வலது கையை உயர்த்திக் காட்டினாள். கல்யாணத்தன்று போட்ட காப்பு. முப்பது வருஷமாய் மணிக்கட்டில் இறுகி, சோப்புப் போட்டாலும் கழறாமல் இருந்தது. அவள் கையைத் தூக்கியதும் அது தானாக வழுக்கி முழங்கை வரைக்கும் போய் நின்றது.

"இதுவும் வாராவாரம் ஏறிக்கிட்டுதான் இருக்கு," என்றாள். "இது ஏறுனா நான் எறங்குறேன்னு தெரியாதா எனக்கு?"

அவர் காப்பைப் பிடித்து மெல்ல மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார்.

"நான் சும்மா கெடந்திருக்கலாம். நீங்க அந்தக் கோட்டைப் பாத்து நான் சந்தோஷப்படுறேன்னு நெனச்சீங்க. நீங்க சந்தோஷப்படுறீங்கன்னு நான் கஞ்சியக் குடிச்சேன். சரி, இப்படியே போவட்டும்னுதான் இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம் அந்தப் பூனைக் கதைய விட்டுட்டீங்க. பூனை ரயில்ல ஏறினதும் டிக்கெட் செக்கர் என்ன சொன்னான்னு தெரியாம எத்தன நாள் படுத்துக் கெடக்கிறது?"

கனகசுந்தரத்தின் கண்ணாடியில் திரையின் நீலம் கலங்கித் தெரிந்தது. நடந்ததையெல்லாம் சொன்னார். கழிக்க மறந்ததும், ரசாக் கடையும், பாம்பும், திருத்தியதும், மகன் திருப்பியதும். இந்த முறை எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவள் பாம்புக்கு மட்டும் லேசாகச் சிரித்தாள்.

"புள்ளயப் பாக்கணும்," என்றாள் பிறகு. "டிசம்பர் வேணாம்."

"எப்படிச் சொல்றது? எப்படிச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறான். நீ சொல்லு, ஞானம். நீ சொன்னா நம்புவான்."

"நான் பேசினா என் கொரலு நல்லா வந்துடுது. அவன் பேரைச் சொன்னாலே வந்துடுது. நான் என்ன செய்ய?" அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏறினா அவன் வர மாட்டான். எறங்கினா நம்ப மாட்டான். அதை எடுத்துடுங்க."

"எதை?"

"என்னை."

அவர் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. கடைசிக் கோட்டை முதலில் அழித்தார், பிறகு அதற்கு முந்தியது, பிறகு அதற்கும் முந்தியது. தகர ஆலையில் ஒரு கோட்டை அழிக்க பிளேடால் சுரண்டினால் தாளில் தழும்பு இருக்கும். இங்கே தழும்புகூட இல்லை. மிஞ்சியது அந்த முதல் திங்களின் ஒற்றைப் புள்ளி. "அதையும்," என்றாள் அவள். அதையும் எடுத்தார். மோடம் கத்தியது, இந்த முறை தலையணை வைக்கவில்லை. பெட்டியும், அதற்குள் நிற்கிற கோடும் படுக்கைக் கோடும் மட்டும் பக்கத்தில் இருந்தன. வேறொன்றும் இல்லை.

சாப்பிட்டார்கள். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். கூடத்து நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டாள். டிக்கெட் செக்கர் பூனையிடம் என்ன சொன்னான் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் சாய்வாக வரைந்திருந்தது. பூனை சீசன் டிக்கெட்டை வாலின் அடியில் வைத்திருந்ததால் செக்கருக்கு அதை எங்கே கிள்ளி ஓட்டை போடுவதென்று தெரியவில்லை என்கிற இடத்துக்கு வந்தபோது ஃபோன் அடித்தது.

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். இன்று ஞாயிறு இல்லை. மத்தியானம் மூன்று மணி. டொராண்டோவில் அப்போது ஊரே உறங்குகிற நேரம்; திங்கட்கிழமைக் கோட்டைப் பார்க்க அங்கே விழித்திருக்கிறவன் ஒருவன்தான்.

"எடுங்க," என்றாள் ஞானாம்பிகை.

கனகசுந்தரம் எழுந்தார். சுவருக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ஃபெர்ரி இல்லை, மலை இல்லை, பாம்பு இல்லை. ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து உட்காரக் கையை ஊன்றியபோது காப்பு மணிக்கட்டைத் தாண்டி விரல்களின் வழியே கழன்று விழுந்தது. அது சிமெண்டுத் தரையில் உருண்டு, சன்னல் கம்பிகளின் நிழலையெல்லாம் தாண்டி, கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் போய், நிற்கவும் விழவும் மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே திரையில் வெறும் பெட்டி. ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.